லயத்துக்கு வந்த பத்திரிகை

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ் புசல்லாவையைத் தாண்டியதும் மூச்சிரைக்கத் தொடங்கும். ஒரு பக்கம் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம். மறுபக்கம் தலைக்கு மேலே தேயிலை. வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறினால் இறம்பொடை வரும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியையும் ஆஞ்சநேயர் கோயிலையும் பார்க்க அங்கே இறங்குகிறவர்கள் ஏராளம். அருவிக்கு மேலும் கீழும் சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை யாரும் அவ்வளவாக நின்று பார்ப்பதில்லை. அந்த லயங்களுக்குள் ஒரு தமிழ்ப் பத்திரிகை போய்ச் சேர்வதற்கு எவ்வளவு காலம் பிடித்தது, அதை யார் சுமந்துவந்தார்கள், வந்த பிறகு அது என்ன ஆனது? இறம்பொடையில் கேட்டாலும் ஹட்டனில் கேட்டாலும் தலவாக்கலையில் கேட்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். மலையகம் முழுவதற்கும் சேர்ந்த பதில் அது.

லயத்து மக்களுக்குக் காகிதம் புதிதல்ல. படிக்கத் தெரியாத காலத்திலேயே அவர்களுடைய வாழ்க்கை காகிதத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. கங்காணி தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பார். அந்தப் பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பேர். ஒரு கூட்டத்து மனிதர்களின் விலை அந்தத் துண்டில் இருந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க முடிந்தது.

துண்டு போனாலும் மற்றக் காகிதங்கள் இருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போனவரின் நாள், வேலைப் பதிவேடான செக்ரோலில் பதியப்படும். எடுத்த கொழுந்து போதாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகும். வேலையிலிருந்து நிறுத்தினால் கையில் பத்துச்சீட்டு. அதை வாங்கிக்கொண்டால் லயத்தையும் காலி செய்ய வேண்டும். இந்தக் காகிதங்களை எழுதியவர்கள் துரையும் கணக்கப்பிள்ளையும். எழுதப்பட்டவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் சொந்தமில்லை.

அச்சிட்ட தமிழும் தோட்டத்துக்குள் முதலில் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது. ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. கோப்பியை எப்படிப் பயிரிடுவது என்பதைக் கும்மிப் பாட்டில் சொல்லித்தரும் நூல் அது. 'இங்கே வா' என்ற தலைப்பில் சின்னத்துரைமாருக்காக ஒரு தமிழ்க் கையேடு இருந்தது. 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பேரில் இன்னொன்று போட்டார். அந்தக் கையேடுகள் சின்னத்துரைக்கு வேலை ஏவுவதற்கு வேண்டிய தமிழைக் கற்றுக்கொடுத்தன. தோட்டக்காரர்களுக்கோ பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. 1834இல் தொடங்கிய சிலோன் ஒப்சேவர், 1846இல் வந்த டைம்ஸ் ஒஃப் சிலோன், 1881இல் பயிர்ச்செய்கைக்கென்றே வந்த டிரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் எல்லாம் அவர்களுடைய விலை நிலவரத்தையும் மழைக் கணக்கையும் 'கூலிப் பிரச்சினை'யையும் பேசின. கொழுந்தின் விலை அச்சில் வந்து வெகுகாலமாகியும் கொழுந்து பறிக்கிறவளின் விலைவாசி அச்சில் வரவில்லை.

தீவின் மற்றத் தமிழ் பேசும் சமூகங்கள் இதற்குள் பத்திரிகையைத் தங்கள் கருவியாக்கிவிட்டன. யாழ்ப்பாணத்தில் 1841இலேயே உதயதாரகை வந்துவிட்டது. கண்டியில் பிறந்த சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் என்ற வார இதழைத் தொடங்கி, பள்ளிக்கூடம் தேவை என்று வாரந்தோறும் தன் சமூகத்தை இடித்துரைத்தார். கடல் கடந்து போன தமிழ்க் கூலிகளுக்கும் அங்கங்கே ஒரு குரல் கிடைத்தது. தென்னாபிரிக்காவில் 1903இல் காந்தி தொடர்புகொண்டிருந்த இந்தியன் ஒப்பீனியன் வார இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் பக்கங்கள் வைத்துத்தான் தொடங்கியது. இலங்கை மலைகளில் மட்டும் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குக் காரணம் மக்களின் ஆர்வக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம் அது. தோட்டத்துக்கு வரும் தபால் பையைத் தப்பால்காரர் டவுனிலிருந்து சுமந்துவருவார்; பை பிரிக்கப்படுவது தோட்டத்து ஆபீசில். லயத்தில் இருப்பவருக்கு எது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.

இந்த அடைப்பை உடைத்தவர் தஞ்சாவூர்க்காரர். கோதண்டராம நடேசய்யர் 1887இல் பிறந்தவர். வணிகப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கணக்குப்பதிவு பற்றியெல்லாம் தமிழில் புத்தகம் எழுதியவர். தஞ்சாவூரில் வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகை நடத்தியவர். 1919இல் வணிகர் சங்க வேலையாகக் கொழும்புக்கு வந்தார். வந்த இடத்தில் தோட்டங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தபோதுதான் அப்படிப் பார்க்க விடமாட்டார்கள் என்று தெரிந்தது. புடவை வியாபாரி போல வேடம் போட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். லயத்துக்குப் புடவை வியாபாரி வருவது வழக்கம். விலை பேசுகிறவனோடு வீட்டுக் கஷ்டத்தையும் பேசுவார்கள். பத்திரிகையாளருக்கு இதைவிட நல்ல வேடம் அமைந்திருக்க முடியாது. பார்த்ததும் கேட்டதும் அவரைத் திரும்பவும் இலங்கைக்கே இழுத்துவந்தன. அடுத்த வருடமே வந்து தங்கிவிட்டார்.

1921இல் கொழும்பில் தேசநேசன் வெளிவந்தது, ஆசிரியர் நடேசய்யர். 1924இல் அவர் தேசபக்தனைத் தொடங்கினார். மலையகத்தின் பத்திரிகை வரலாறு இந்தப் பேரிலிருந்துதான் உண்மையில் ஆரம்பமாகிறது. அதே 1924இல்தான் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மலாயாவில் பால்மரம் வெட்டியவர்களுக்கும் இலங்கையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் ஒரே வருடத்தில் ஆளுக்கொரு தமிழ்ப் பத்திரிகை பிறந்தது. அந்தத் தமிழ் நேசன் 2019 வரை ஓடியது. தேசபக்தனுக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்கவில்லை.

தேசபக்தன் கொழும்பில் அச்சானாலும் அதன் கண் மலையில் இருந்தது. தொழிலாளியின் உரிமை என்ன, சட்டம் அவனுக்கு என்ன கொடுக்கிறது, கங்காணி எதைப் பிடித்துக்கொள்கிறார் என்பவற்றை அது பேசியது. நடேசய்யருக்குப் பத்திரிகையும் சங்கமும் சட்டசபையும் ஒரே வேலையின் மூன்று கைகள். சிங்களத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்புத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தார். 1925இல் சட்டநிரூபண சபைக்கு உறுப்பினராகப் போனார். சபையில் கேட்ட கேள்வி பத்திரிகையில் வரும். பத்திரிகைக்கு வந்த முறைப்பாடு சபைக்குப் போகும். தோட்டக்காரர் சங்கம் அவரைக் கிளர்ச்சிக்காரர் என்று கருதியது. தமிழோடு நிறுத்தாமல் ஆங்கிலத்திலும் பத்திரிகை நடத்தினார். துரைமார் படிக்க வேண்டியதைத் துரைமாரின் மொழியிலேயே எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டு உயர்ந்த பிரதேசங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயித்தார்கள். இப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று பெரட்டுக்களத்தில் நிற்பவருக்கு யார் சொல்வார்? துரை சொல்ல வேண்டிய அவசியமில்லை. பெரியகங்காணிக்குச் சொல்வதில் இலாபமில்லை. மீதியிருந்தது பத்திரிகையும் கூட்டமேடையும்தான்.

அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகையைக் கண்ணால் படித்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தவறிவிடும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் துரைமார் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்த பள்ளிக்கூடங்களில் பல ஒரே வாத்தியார், ஒரே அறை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒரு லயத்துக்கு ஒருவரோ இருவரோ. அவர் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடியக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. ஒருமுறை கேட்டதை அடுத்த நாள் மலையில் நிரையில் நின்றபடி வரிக்கு வரி திருப்பிச் சொல்லக்கூடிய நினைவு அவர்களுடையது. இந்தக் காதுகளை நன்றாகப் புரிந்துகொண்டவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள்.

மீனாட்சி அம்மாளைப் பற்றி நின்று பேச வேண்டும். கணவனுக்குத் துணையாயிருந்தவர் என்று ஒரே வரியில் அவரைக் கடந்துபோவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அவர் தேசபக்தனின் ஆசிரியப் பொறுப்பையே ஏற்று நடத்தியவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமா வேண்டாமா என்று அரசியல் சீர்திருத்தத்துக்காக வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன்னால் கனவான்கள் வாதாடிக்கொண்டிருந்த அந்த இருபதுகளின் பிற்பகுதியில், பெண்ணுரிமைக்காகத் தமிழில் எழுதியவர். தோட்டத்துக் கூட்டங்களில் பாரதி பாட்டுக்களைப் பாடியவர். 1940இல் அவர் இயற்றிய பாட்டுக்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக அச்சாயின. இலங்கையில் இந்தியர் எதிர்ப்பு முற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அரசியல் வாதங்களை அவர் மக்களுக்குத் தெரிந்த மெட்டில் வைத்துப் பாடினார். படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரிகை எட்டாமல் போகும் இடத்துக்குப் பாட்டு எட்டும். கொழுந்து பறிக்கிற கை நிற்க வேண்டியதில்லை. வாயும் காதும் போதும். மேடையில் நின்று பாடுகிற ஒரு பெண்ணைப் பார்ப்பதே லயத்துப் பெண்களுக்கு ஒரு செய்தியாக இருந்திருக்கும்.

1928இல் குணசிங்காவுக்கும் நடேசய்யருக்கும் முறிவு ஏற்பட்டது. இந்தியத் தொழிலாளர்கள் பற்றிய நிலைப்பாடுதான் அதன் அடி. குணசிங்காவின் 'வீரய' என்ற சிங்களப் பத்திரிகை பின்னர் இந்தியர்களுக்கு எதிராக மும்முரமாக எழுதியது. பத்திரிகை என்ற கத்தி எந்தக் கைக்குப் போனாலும் வெட்டும் என்பதற்கு இலங்கையில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நடேசய்யர் கொழும்பிலிருந்து மலைக்குப் பெயர்ந்து, 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதே வருடம் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்தியத் தமிழர்களுக்கு மட்டும் குடியிருப்பு நிபந்தனைகள் போட்டு, சுமார் ஒரு இலட்சம் பேருக்குத்தான் வாக்கு கிடைத்தது. இங்கேயும் காகிதம்தான். நிரந்தரக் குடியிருப்புச் சான்று எடுக்கத் தெரிந்தவருக்கு வாக்கு; தெரியாதவருக்கு இல்லை. 1936இல் நடேசய்யர் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இடையில் தோட்டத் தொழிலாளி, உரிமைப்போர், சுதந்திரப்போர், வீரன் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பத்திரிகைகளைத் தொடங்கியபடியே இருந்தார். ஒன்று நின்றால் இன்னொன்று. தலைப்பு மாறும், எழுதுகிற கையும் எழுதப்படுகிற மக்களும் மாறவில்லை.

1930 ஓகஸ்ட் 6ஆம் திகதி வீரகேசரி பிறந்தது. ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய அந்த நாளேட்டில் ஆரம்ப காலத்தில் வ.ரா. ஆசிரியராக இருந்து எழுதினார். 1932இல் தினகரன் வந்தது. பெரிய நாளேடுகள் வந்துவிட்டபின் நடேசய்யரின் சிறிய ஏடுகள் போன்றவற்றுக்கு என்ன தேவை என்று கேட்கலாம். தேவை இருந்தது. நாளேடு தீவு முழுவதையும் பார்க்க வேண்டும். தொழிலாளியின் ஏடு ஒரு மலையின் ஒரு நிரையைப் பார்த்தால் போதும். லயத்தில் ஒழுகுகிற தகரத்துக்கு நாளேட்டில் இடம் கிடைப்பது கஷ்டம்.

நடேசய்யர் 1947 நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அந்த வருடம் நடந்த பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்திலிருந்து ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அடுத்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து, வாக்களித்த மக்களையே நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைக்கலாம் என்றார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. பிறந்த அத்தாட்சி இல்லை, பேரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இன்ன வருடத்தில் இன்ன தோட்டத்தில் இருந்ததற்குச் சாட்சி இல்லை என்று காகிதங்கள் திரும்பின. துண்டு என்ற காகிதம் மனிதரைத் தோட்டத்தோடு கட்டியது என்றால், இந்தக் காகிதங்கள் அவரை நாட்டிலிருந்து அறுத்தன. நாடாளுமன்றத்தில் பேச ஆளில்லாமல் போன அந்தக் காலத்தில்தான் மலையகத்தில் எழுத்து பெருகியது. வாக்குச்சீட்டு பறிபோன கைகள் பேனாவைப் பிடித்தன என்பதற்கு அந்தக் காலத்துச் சிற்றேடுகளே சாட்சி.

தொழிற்சங்கங்கள் தங்கள் ஏடுகளை நடத்தின. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிடம் 'காங்கிரஸ்' என்ற ஏடு இருந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான அஸீஸ் பிரிந்துபோய் அமைத்த ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸிடமிருந்து ஜனநாயகத் தொழிலாளி வந்தது. தேசியத் தொழிலாளர் சங்கத்தின் மாவலியை சி. வி. வேலுப்பிள்ளை கவனித்தார். வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன அதே சி. வி.; ஆங்கிலத்தில் தேயிலைத் தோட்டத்தைப் பாடி உலகத்துக்குக் காட்டிய கவிஞர். சங்க ஏடுகளில் தலைவர்களின் படமும் அறிக்கையும் நிறைந்திருக்கும் என்பது உண்மை. சி. வி. போன்ற ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் அங்கே நாட்டார் பாடலும் கதையும் வந்து குடியேறும் என்பதும் உண்மை.

கண்டியிலிருந்து ரா. மு. நாகலிங்கம் நடத்திய செய்தி என்ற வார இதழை இந்த வரலாற்றில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அறுபதுகளில் மலையக இளைஞர்களின் எழுத்துக்கு அது களமானது. அதே காலத்தில் கண்டியிலிருந்து க. ப. சிவமும் மு. கு. ஈழக்குமாரும் மலைமுரசு நடத்தினார்கள். தோட்டத்து வாழ்க்கைக்கு வார இதழ் எவ்வளவு பொருத்தமானது என்பது அங்கே ஒரு வாரம் இருந்து பார்த்தவருக்குப் புரியும். ஆறு நாளும் விடிவதற்கு முன்பே எழும்பி மலைக்குப் போகிறவருக்கு நாளேட்டைப் புரட்ட நேரமேது? ஞாயிற்றுக்கிழமைதான் டவுனுக்குப் போகிற நாள். கோதுமை மா, கருவாடு, மண்ணெண்ணெய் வாங்குகிற கையோடு ஒரு பத்திரிகையும் வாங்கலாம். வாங்கியது ஒரு வீட்டில் தங்காது. தொங்கல் காம்பராவில் தொடங்கி லயம் முழுக்கப் போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மடிப்பு கிழிந்து, மஞ்சள் கறை பட்டு, கடைசியில் சுவரில் ஒட்டப்படும். சுவரில் ஒட்டிய பிறகும் அதைப் படிப்பார்கள். ஒரு பிரதியை எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கு எந்த அச்சகத்துப் புத்தகத்திலும் இருக்காது.

நாளேட்டுக்குள்ளேயே ஒரு வாராந்தரப் பக்கம் செய்த வேலையும் இதோடு சேர்ந்தது. வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் பார்த்துவந்த தோட்ட மஞ்சரி அது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தோடு சேர்ந்து அவர் நடத்திய சிறுகதைப் போட்டிகளுக்குத் தோட்டங்களிலிருந்து கதைகள் வந்தன. பரிசு பெற்றவை 1971இல் 'கதைக் கனிகள்' என்ற தொகுப்பாயின. தெளிவத்தை ஜோசப் போன்றவர்களை வாசகர்கள் கண்டுகொண்ட வழி இதுதான். தேசபக்தன் காலத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒருவர் தோட்டத்து மக்களைப் பற்றி எழுதினார். நாற்பது வருடம் கழித்து அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதினார்கள். இந்த நாற்பது வருடத்தில் மலையகம் பெற்ற பெரிய சொத்து இதுவென்று தயங்காமல் சொல்லலாம்.

இறம்பொடைக்கு மேலே அடுத்த ஏற்றத்தில் இருக்கும் லபுக்கலை அதற்கு நல்ல சான்று. இன்று சுற்றுலாப் பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கிற அந்தத் தோட்டத்தில் தொழிலாளியாக வேலை செய்தவர் குறிஞ்சித் தென்னவன். மலையகக் கவிதையில் தவிர்க்க முடியாத பேர். பகலில் தோட்டத்து வேலை, இரவில் கவிதை. அவருடைய கவிதைகள் தொகுப்பாக வருவதற்கு வெகு முன்பே பத்திரிகைகளில் வந்து சிதறிக் கிடந்தன. தலவாக்கலைப் பக்கத்து மல்லிகைப்பூ தோட்டத்தில் மல்லிகை சி. குமார் இருந்தார். அவரும் தொழிலாளி, கவிதை, கதை, ஓவியம் மூன்றும் கைவந்தவர். இவர்களுக்குப் பதிப்பாளர் கிடையாது, பல்கலைக்கழகம் கிடையாது. தபால் முத்திரை ஒட்டி அனுப்பினால் போட்டுவிடுகிற ஒரு வார இதழ் இருந்தது. அந்த இதழ் இல்லையென்றால் அந்தக் கவிதைகள் லயத்து இருட்டிலேயே கரைந்திருக்கும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக்கப்பட்ட இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் எழுதியது. அதன்படி மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள். சிற்றேடுகளை அந்தக் கோச்சி போல எதுவும் அடிக்கவில்லை. சந்தாதாரர் போனார், முகவர் போனார், கதை எழுதியவர் போனார். அக்காவின் குடும்பம் நீலகிரிக்கும் தம்பியின் குடும்பம் அதே லயத்துக்கும் என்று வீடுகள் இரண்டானபோது வாசகர்களும் இரண்டானார்கள். விளம்பரம் இல்லாத ஏடு வாசகரின் காசில்தான் உயிர் வாழும். வாசகரே பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தால் அவர் எந்த ஏட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவார்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானதும், அந்தக் காலத்துப் பஞ்சமும், தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களும் மீதியிருந்தவற்றைக் குலைத்தன. தோட்ட மஞ்சரி கார்மேகமும் தமிழகம் போனார். அங்கே இருந்து வீரகேசரியின் வரலாற்றை 'ஒரு நாளிதழின் நெடும் பயணம்' என்ற நூலாக எழுதினார்.

ஆனாலும் ஏடுகள் நிற்கவில்லை. தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகம் கண்டியிலிருந்து குன்றின் குரலை வெளியிட்டது. அந்தனி ஜீவா அதற்கு ஆசிரியராக இருந்தார், பிறகு கொழுந்து என்ற இதழையும் நடத்தினார். எண்பதுகளில் தீர்த்தக்கரை வந்தது. பின்னர் நந்தலாலா வந்தது. வீரகேசரி நிறுவனமே மலையகத்துக்கென்று சூரியகாந்தி என்ற வார இதழைக் கொண்டுவந்தது. சில மாதம் ஓடியவை உண்டு; சில வருடம் ஓடியவை உண்டு. குன்று, கொழுந்து, மலை, மாவலி என்று பேர்களைப் பார்த்தாலே போதும், இவர்கள் எந்த மண்ணைத் தங்கள் மண் என்று எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும். நடேசய்யர் காலத்தில் பேர் தேசபக்தன். அந்தத் தேசம் இந்தியாவா இலங்கையா என்ற கேள்வி அவருடைய எதிரிகளுக்கு வசதியாக இருந்தது. அறுபதுகளுக்குப் பிறகு வந்த ஏடுகளின் பேர்கள் அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்கவில்லை.

இந்த வரலாற்றைத் திரும்ப எடுத்துத் தந்தவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி. நல்லையா என்ற இயற்பெயர் கொண்ட சாரல்நாடன், கொழுந்து வாடுகிற வாசனைக்கு நடுவில் வேலை பார்த்துக்கொண்டே பழைய பத்திரிகைகளைத் தேடி அலைந்தார். 1988இல் அவருடைய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' வெளிவந்தது. அதற்கு முன் நடேசய்யர் பேர் தொழிற்சங்க வரலாறு எழுதியவர்களின் ஆங்கிலப் புத்தகங்களிலும் வயதானவர்களின் நினைவிலும் இருந்தது. சாரல்நாடன் அவரைத் தமிழுக்கும் மலைக்கும் திரும்பக் கூட்டிவந்தார்; பிறகு 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்று இன்னொரு நூலையும் எழுதினார். அந்தனி ஜீவா 'காந்தி நடேசையர்' எழுதினார். இன்று நூலகம் எண்ணிம நூலகத்தில் குன்றின் குரலையும் கொழுந்தையும் யாரும் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். இறம்பொடைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, தன் பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் வந்த இதழைக் கைப்பேசியில் திறந்து படிக்கலாம்.

2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 வருடம் என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். முன்னோர்கள் காட்டுவழியே நடந்துவந்த தடம் அது. நடைபயணத்தில் எழுந்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்னால் நின்றன. காணியும் வீடும் இல்லாததால் வருகிற ஒரு சிறிய குறை உண்டு. பத்திரிகையோடு அதற்கு நெருங்கிய உறவு. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. பேர், பிரிவு, தோட்டம் என்று எழுதி வருகிற கடிதம் தோட்டத்து ஆபீசுக்கோ பொது இடம் ஒன்றுக்கோ வந்து சேரும். அங்கேயிருந்து கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வரும். சில கடிதங்கள் வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வரும். நடேசய்யர் துணி மூட்டையோடு உள்ளே நுழைந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. வார இதழுக்குச் சந்தா கட்ட நினைக்கிற லயத்து வாசகர் இன்றைக்கும் டவுனில் தெரிந்த கடைக்காரரின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோதுமை மா வாங்கப் போகும்போது கடையில் கேட்டு எடுத்துக்கொள்கிறார்.